அஸர் நேரத்துச் சிவப்பு

என் தொழில் என்னவென்று மாமி அயலில் சொல்லிவைத்திருப்பது இதுதான்: "மருமகன் கொம்பியூட்டரப் பழுதாக்கிற வேல செய்யிறார்." முதன்முதலில் அது என் காதில் விழுந்தபோது எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. பிறகு ஆறுதலாக யோசித்துப் பார்த்தால், என் நியமனக் கடிதத்தில் நீட்டி முழக்கி எழுதியிருப்பதைவிட மாமி சொல்வதுதான் விஷயத்துக்குக் கிட்டவாக இருக்கிறது.

எங்கள் கம்பனி கொழும்பில் இருக்கிறது. மின்னஞ்சல்களை ஓரிடத்தில் வாங்கி இன்னோரிடத்துக்குக் கடத்திவிடுகிற சேர்வர் மென்பொருள் ஒன்றைச் செய்கிறது. அதை எழுதுகிறவர்கள் வேறு. அதை வதைக்கிறவன் நான். ஆயிரக்கணக்கான சின்னச் சின்னச் சோதனைகளை எழுதி, கட்டாகக் கட்டி, தானாக ஓடவிடுவது என் வேலை. ஒவ்வொரு சோதனையும் சேர்வரைத் தேடிப் போகிற ஒரு வாடிக்கையாளன். ஒருவன் ஒழுங்காக ஸலாம் சொல்லி உள்ளே வந்து கடிதத்தைக் கொடுப்பான். ஒருவன் அரைவாசியைச் சொல்லிவிட்டு எழும்பிப் போய்விடுவான். இன்னொருவன் பெயரைக் கேட்டால் ஒரு மூட்டை குப்பையைக் கொட்டுவான். எங்கள் ஊர் கல்முனைச் சந்தையில் எல்லா மீனின் செவுளையும் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவர்கள் இருக்கிறார்களே, அப்படியான ஆட்களை உருவாக்கி அனுப்புவதில் எனக்கு நல்ல கைராசி. சேர்வர் எல்லோரிடமும் நிதானம் தவறாமல் நடந்துகொண்டால் திரையில் ஒரு பச்சைப் புள்ளி விழும். தடுமாறினால் சிவப்பு.

புள்ளிகள் விழும்போது எனக்கு வேலை கிடையாது. பார்த்துக்கொண்டிருக்கலாம், பிளேன்டீ குடிக்கலாம், மகளுக்குத் தலை வாரிவிடலாம். என்னைப் பொறுத்தவரை அது உத்தியோகத்தின் மிக இனிமையான பகுதி. கலியாணம் முடித்து வந்த புதிதில் மாமி இதைக் கதவிடுக்கால் பார்த்துவிட்டு என் மனைவியிடம் இரகசியமாக விசாரித்தாராம்: "இவருக்கு மெய்யாவே வேல இரிக்கா புள்ள?"

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்குக் குடி போகவேண்டும். அப்படித்தான் நானும் இந்த வீட்டுக்கு வந்தேன். மாமா மௌத்தாகி அடக்கமாகிவிட்டார். மாமி, பக்கத்துப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கும் என் மனைவி, பாலர் பாடசாலைக்குப் போகத் தொடங்கியிருக்கும் மகள், நான். கடற்கரைப் பக்கமாக ஜன்னலுள்ள சிறிய அறையை எனக்கு அலுவலகமாக ஒதுக்கித் தந்தார்கள். இந்த வீட்டில் நான் சந்தோஷமாக இருக்கிறேன். அதை எழுதிவைப்பதில் எனக்குக் கூச்சம் எதுவும் இல்லை.

அந்தச் சந்தோஷத்துக்குத்தான் போன வருடம் ஆபத்து வந்தது.

என் அறையில் கம்பனி தந்த சோதனை மெஷின் ஒன்று இருக்கிறது. சோதனைக் கட்டின் கடைசிப் பகுதியான நெடுந்தூரச் சோதனை அதில்தான் ஓடும். கல்முனையில் இருக்கிற சேர்வரும் கொழும்பு அலுவலகத்தில் இருக்கிற சேர்வரும் ஒரே இணைப்பில் நீண்ட நேரம் கடிதங்களைப் பரிமாறிக்கொண்டே இருக்கவேண்டும். எங்கள் மென்பொருளை வாங்கியவர்கள் பலர் சின்ன ஊர்களில் கடையும் அலுவலகமும் வைத்திருப்பவர்கள். ஆகவே ஒரு சின்ன ஊரிலிருந்தே சோதித்துப் பார்ப்போம் என்று கேட்டு வாங்கியவனே நான்தான். கொழும்பில் பகல் சாப்பாட்டுக்கு முன் எழுதி முடித்ததையெல்லாம் சேர்த்துவிட்டால், பகலுக்குப் பிறகு என் மெஷின் தானாக எழும்பி வேலையைத் தொடங்கும். பின்னேரம் வரை ஓடும்.

அந்தச் சோதனைதான் திடீரென்று சிவக்கத் தொடங்கியது. நான் பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போகும்போது பச்சை மணி மணியாக விழுந்துகொண்டிருக்கும். தொழுதுவிட்டு, கடற்கரையில் இரண்டு பேரோடு கதைத்துவிட்டு வந்து பார்த்தால் சிவப்பு. கொழும்போடு பேசிக்கொண்டிருந்த இணைப்பு அப்படியே உறைந்துபோயிருக்கும். நெட்டைப் பார்த்தால் குறையில்லை. சோதனையைத் திரும்ப ஓட்டினால் கடைசிவரை பச்சை. எல்லா நாளும் இப்படியுமில்லை. சில நாட்களில் ஒன்றும் நடக்காது. ஒரு கிழமை ஒழுங்காக ஓடினால் அடுத்த கிழமை மூன்று தரம் காலை வாரும்.

இப்படி ஆட்டம் காட்டுகிற சோதனையைப் போல ஒரு சோதனைக்காரனின் மானத்தை வாங்குவது வேறொன்றுமில்லை. எப்போதும் சிவப்பென்றால் பிழையைத் தேடலாம். எப்போதும் பச்சையென்றால் தூங்கலாம். இரண்டும் கெட்டானாக இருந்தால், கொஞ்ச நாளில் சிவப்பை யாரும் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். பிறகு நான் எதற்கு?

அந்த இணைப்புப் பகுதியை எழுதியவர் கொழும்பில் ஒரு கெட்டிக்காரர். கெட்டிக்காரர் என்பது அவருக்கும் தெரியும். ஒரு வீடியோக் கூட்டத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "என்ட கோட்ல பிழையில்ல. கல்முனையிலதான் பிழை." என்னைச் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். ஊரைச் சொன்னதுதான் எனக்குச் சுட்டது. அன்று வாயைத் திறந்தால் வீண் சண்டை வரும் என்று ஒலிவாங்கியை அடைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்துத் திட்டினேன்.

அதன் பிறகு தலைகீழாக நின்று பார்த்தேன். கேபிளை மாற்றினேன். உப்புக் காற்றில் கம்பிமுனை கறுத்திருக்கும் என்று எல்லா முனைகளையும் துடைத்தேன். லைன் பார்க்கிறவரைக் கூப்பிட்டேன். பாண்டிருப்பிலிருந்து ஒரு காலைநேரம் வந்தார். தெருக்கம்பத்தில் ஏறி இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, என்னை அண்ணன் முறையாக்கி, "காக்கா, உங்கட லைன் கண்ணாடி மாதிரி இருக்கு. வேற எங்கயாவது தேடுங்க" என்றார். தேடாத இடமில்லை என்று அவரிடம் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் பிளேன்டீயையும் குடிக்காமல் போய்விட்டார்.

இதற்கிடையில் நோன்பு மாதம் வந்தது. தலைநோன்பிலிருந்து பெருநாள் வரை ஒரு சிவப்பு விழவில்லை. கொழும்புக் கெட்டிக்காரர் தான் எதையோ திருத்தியதால் வந்த பலன் என்று மார்தட்டினார். நானும் போகட்டும் என்று விட்டுவிட்டேன். பெருநாள் முடிந்து வேலை தொடங்கியதும் பழையபடி சிவப்பு.

எங்கள் பொறுப்பாளர் ஒரு பெண். கறாரானவர், ஆனால் நியாயம் பார்ப்பவர். புதிய பதிப்பு வெளியே போகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "காரணம் தெரியாத சிவப்ப வச்சிக்கொண்டு வெளியிட ஏலாது. கண்டுபிடிங்க. இல்லாட்டி மெஷின கொழும்புக்கு எடுத்துருவம். மெஷின் வந்தா நீங்களும் இங்க வந்து இருந்துதான் செய்ய வேண்டி வரும்."

அன்று பின்னேரம் அதை மனைவியிடம் சொன்னேன். அவள் மாணவர்களின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "எனக்கு இடமாற்றம் கெடைக்கா. உம்மாவத் தனிய உடவும் ஏலா. அப்ப நீங்க மட்டும் போய் அறையெடுத்து இரிக்கணும்" என்றாள். பிறகுதான் நிமிர்ந்தாள். எனக்குப் பயம் வந்தது. என் உம்மா வீட்டை விட்டு இங்கே வந்தபோதுகூட அப்படிப் பயந்ததில்லை, ஏனென்றால் அப்போது ஒரு வீட்டுக்கு வந்தேன். இப்போது எங்கே போவது?

பதிப்பு வெளியாவதற்குக் கொஞ்சம் முன்பு, குளியலறையில் சவர்க்காரத்தில் வழுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டேன். கணுக்கால் வீங்கிவிட்டது. மாமி எதையோ அரைத்துப் பத்துப் போட்டு, சீலைத்துண்டால் கட்டி, மண்டபத்தில் இருந்த சாய்வு நாற்காலியில் என்னைக் கிடத்தினார். பள்ளிக்குப் போக வழியில்லை. மடியில் மடிக்கணினி. அதில் என் அறை மெஷினின் புள்ளிகள் பச்சை பச்சையாக விழுந்துகொண்டிருந்தன. எனக்குப் பக்கத்தில் மாமி ஓர் இந்திய நாடகத்தில் மூழ்கியிருந்தார். பகலுக்குப் பிறகு வருகிற அந்த ஒரு நாடகம்தான் மாமிக்கு. அதில் ஒரு மருமகள் சோற்றில் எதையோ கலந்துகொண்டிருந்தாள்.

பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொன்னது. மாமி சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டார். எழும்பினார். நேரே சுவரண்டை போய், டீவிக்குக் கீழே நீட்டிக்கிடந்த, பல பிளக்குள்ள வயர்கோட்டின் சுவிட்சைத் தட்டினார். டீவி அணைந்தது. அதே வயர்கோட்டில் இன்னொரு பிளக்கில் குத்தியிருந்த, வீட்டுக்கு நெட் தருகிற ரவுட்டரின் விளக்குகளும் ஒன்றாக அணைந்தன. மடியில் புள்ளி நின்றது.

எனக்குக் கத்தவேண்டும் போல வந்தது. ஆனால் பாங்கு சொல்லும்போது கதைக்கக்கூடாது. மோதினார் சொல்வதை வாய்க்குள் திருப்பிச் சொல்லவேண்டும். ஆகவே நான் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி, செத்துப்போன ரவுட்டரைக் கண்ணால் பார்த்துக்கொண்டு, மோதினார் சொன்னதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பிச் சொன்னேன். அவ்வளவு நீளமான பாங்கை என் ஆயுளில் நான் கேட்டதில்லை.

மாமி கைகால் முகம் கழுவி ஒழு எடுத்து, உள்ளே தொழுதுவிட்டு வந்து, சுவிட்சைத் திரும்பப் போட்டார். டீவியில் மருமகள் இன்னும் கலந்துகொண்டிருந்தாள். "ஏன் மகன் அப்பிடிப் பாக்கிறீங்க? கால் கடுக்கா?" என்று கேட்டார்.

"மாமி, பாங்குக்கு எப்பவும் இப்பிடித்தானா நிப்பாட்டுவீங்க?"

"ஓம். பாங்கு சொல்லக்குள்ள டீவி கத்தினா நல்லாவா இரிக்கும்? ரிமோட்டு பட்டன உங்கட மகள் கடிச்சித் துப்பிட்டாவே."

மாமி நிப்பாட்டுகிற நேரத்தில், நான் பாங்குக்கு முன்பே போய்ப் பள்ளிவாசலில் இருப்பேன். மற்ற நான்கு பாங்குக்கும் டீவி ஓடுவதில்லை. நோன்பு மாதத்தில் இந்த வீட்டில் டீவிக்கு மேல் ஒரு துணியைப் போர்த்திவிடுவார்கள். நாடகம் இல்லாத நாட்களும், மாமி அயலில் கதைக்கப் போன நாட்களும் பச்சை நாட்கள். ரவுட்டர் கடைசியாக எப்போது எழும்பியது என்று ஒரே ஒருதரம் பார்த்திருந்தால் போதும். லைனில்தான் பிழை என்று அடித்துவைத்துக்கொண்டிருந்த எனக்கு அது தோன்றவேயில்லை. நான் சிரித்த சிரிப்பில் கட்டுப்போட்ட கால் ஆடி உயிர் போயிற்று. மாமி எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று ஓதித் தண்ணீர் தந்தார்.

பாடசாலைக் கூட்டம் ஒன்று முடிந்து பிந்தி வந்த மனைவி, கதையைக் கேட்டு என்னைவிட அதிகமாகச் சிரித்தாள். சிரித்து முடிந்ததும் கணித ஆசிரியையாக மாறினாள். "சரி, ரவுட்டர வேற பிளக்ல குத்துங்க. நாளைலேந்து பச்சைதானே? கொழும்புக்குப் போகத் தேவல்ல. யாருக்கும் ஒண்டும் சொல்லவும் தேவல்ல."

எனக்கும் அதுதான் ஆசை. பிளக்கை மாற்றிக் குத்துவது ஒரு நிமிட வேலை. ஆனால் திரையில் அந்த இணைப்பு இன்னும் உறைந்தே கிடந்தது. மாமி சுவிட்சைப் போட்டு எவ்வளவோ நேரம் ஆகிவிட்டது. நெட் வந்துவிட்டது. சேர்வர் மட்டும், மறுமுனையில் இருந்தவர் ரிசீவரை வைத்துவிட்டுப் போனது தெரியாமல் இன்னும் காதில் பிடித்துக்கொண்டு இருக்கிற ஆளைப் போல, பழைய இணைப்பைப் பிடித்தபடி இருந்தது. லைன் போவது போகட்டும். வந்தபிறகு எழும்பத் தெரியவில்லையே. ஒரு மழைக்கே லைன் போய் வருகிற ஊர்களுக்குத்தான் இந்த மென்பொருளை விற்கிறோம். ஆக, பிழை கல்முனையில் இல்லை.

"சொல்லாட்டி அந்தப் பிழை அப்பிடியே வெளிய போயிரும்" என்றேன்.

"சொன்னா, ஊட்டு லைன் நம்ப ஏலாது எண்டு உங்களயும் ஊர விட்டு வெளிய எடுப்பாங்க" என்றாள் அவள். அவள் சொன்னதும் சரிதான். அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. பொய்ப் பச்சையைக் காட்டிச் சம்பளம் எடுக்க என்னால் முடியாது என்று கொஞ்சம் உரத்துச் சொல்லிவிட்டேன். அவள் தேநீர் வைக்கப் போனாள். இரண்டு கோப்பையோடு திரும்பி வந்து, "சொல்லுங்க. ஆனா உம்மாவப் பகிடி பண்ண உடாதீங்க" என்றாள்.

அடுத்த நாள் கூட்டத்தில் சொன்னேன். பாங்கு, டீவி, வயர்கோட், எல்லாவற்றையும். அவர்கள் சிரித்துப் பகிடி பண்ணுவதற்கு முன்பே, "இப்பவே உங்கட பக்கத்துக் கேபிளைக் கழட்டி, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து திரும்பக் கொழுவிப் பாருங்க" என்று கெட்டிக்காரரைக் கேட்டுக்கொண்டேன். அவர் கழற்றினார். குடித்தார். கொழுவினார். கொழும்பு அலுவலகத்தின் நடுவில், உப்புக்காற்றும் மாமியும் இல்லாத இடத்தில், அந்த இணைப்பு கட்டைபோலக் கிடந்தது. அவர் முகம் சுருங்கியதை நான் நன்றாக இரசித்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் மனிதர் நல்லவர். "கல்முனையில பிழையில்ல" என்று அவராகவே சொன்னார். இரண்டு மூன்று நாட்களில் சேர்வருக்குப் புதுப்பழக்கம் ஒன்றைக் கற்றுக்கொடுத்தார். எதிர்ப்பக்கம் இருக்கிறதா என்று அடிக்கடி கேட்கும். பதில் இல்லையென்றால் பழைய இணைப்பை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்கும்.

பொறுப்பாளர் மட்டும் சிரிக்கவில்லை. "உங்கட வீட்டிலயே, வழமையா நடக்கிற மாதிரியே நடக்க விட்டுப் பாருங்க" என்றார். "தானா எழும்பி ஓடினா மெஷின் அங்கயே இருக்கட்டும். இல்லாட்டி முந்திச் சொன்னதுதான்."

இதற்குள் மாமிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தன் கையால்தான் மருமகனுக்குக் கொழும்புக்குப் போகவேண்டி வரப் பார்த்தது என்று மாமி விளங்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு டீவியைப் போடவேயில்லை. நாடக நேரத்தில் முற்றத்தில் போய், கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டினார். சுவிட்சிருந்த பக்கம் போகவேண்டி வந்தால் சுற்றிப் போனார். எனக்கு அது பொறுக்கவில்லை.

சோதிக்கிற நாளில் மாமியை நானே கையைப் பிடித்து டீவிக்கு முன்னால் இருத்தினேன். நாடகம் ஓடியது. என் மடியில் புள்ளிகள் ஓடின. மனைவி கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். பாங்கு தொடங்கியது. மாமி தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார், எழும்பவில்லை. கையிரண்டையும் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பாங்குக்கு மேலாக டீவியில் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். பாங்குக்கு நடுவில் வாய் திறக்காத மாமி, அன்று திறந்தார்.

"எனக்கு ஏலா மகன். நான் நிப்பாட்டினா நீங்க போயிருவீங்க."

"மாமி, இண்டைக்கு நீங்க நிப்பாட்டினாத்தான் நான் இரிப்பன்."

சுவிட்சை நானே நொண்டிப் போய்த் தட்டியிருக்கலாம். ஆனால் என் தொழிலுக்காக மாமி பாங்கு நேரத்தில் டீவி அலறுவதைக் கேட்டுக்கொண்டு குற்றவாளி மாதிரி இருக்க, அந்த வீட்டில் நான் என்ன சுகத்தைக் காணப்போகிறேன்? மாமி எழும்பிப் போனார். சுவிட்சைத் தொடும்போது அல்லாஹ்வை அழைத்து பிஸ்மி சொன்னது எனக்குக் கேட்டது.

வீடு அமைதியானது. பாங்கு மட்டும் கேட்டது. புள்ளிகள் நின்றன. மாமி தொழுதது அன்று எனக்கு நீளமாகத் தெரிந்தது. பிறகு மனைவி சொன்னாள், தொழுத பிறகு கையேந்தியபடி நிறைய நேரம் இருந்தாராம். வந்து சுவிட்சைப் போட்டார். ரவுட்டரின் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின. புள்ளிகள் எழும்பவில்லை. மனைவி வந்து என் தோளைப் பிடித்தாள். பிடி வலித்தது. பிறகு ஒரு பச்சை விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு அவை நிற்கவேயில்லை.

மாமிக்குப் புள்ளிகளில் நம்பிக்கை இல்லை. அவர் எங்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன மகன், போறீங்களா, இரிக்கிறீங்களா?"

"இரிக்கன் மாமி. எங்கயும் போகல்ல."

மாமி தொழுகை உடுப்போடு நாற்காலியில் தொப்பென்று இருந்து, வாய்விட்டு அழுதார். மாமா மௌத்தான வீட்டில் இன்னொரு ஆண் குரலும் இல்லாமல் போகப்போகிறது என்று அத்தனை நாளாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாராம். அழுதுகொண்டே சொன்னார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. நான் வெறும் மருமகனென்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு மாமி முகத்தைத் துடைத்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு கடும்சொல் சொல்லாத மாமி, அன்று முதன்முதலாக என்னை ஏசினார்.

"நேரம் போகுது, இன்னம் அஸர் தொழாம அதப் பாத்துக்கு இரிக்கீங்களே! எழும்புங்க!"

நான் மனைவியின் தோளைப் பிடித்து எழும்பி, நொண்டிக்கொண்டே ஒழு எடுக்கப் போனேன்.